சம்பளமும் கிம்பளமும்

1781-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், இலண்டன் மாநகரின் லெடன்ஹால் தெருவில் இருந்த இந்தியா மாளிகைக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அழைத்து வரப்பட்டான். ஸ்காத்லாந்து நாட்டுப்புறத்தில் கடன்பட்டு நொடித்துப்போன ஒரு குடியானவரின் மகன் அவன்; பெயர் ஜான் மால்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர அவனுக்கு ஓர் இடம் கேட்டிருந்தார்கள். சுற்றிலும் அமர்ந்திருந்த கனவான்கள் சிறுவனைப் பார்த்தார்கள். வயது போதாது என்று தள்ளிவிடவும் எண்ணினார்கள். அப்பொழுது அவர்களுள் ஒருவர் விளையாட்டாக, “தம்பி, ஹைதர் அலியை நேரில் கண்டால் என்ன செய்வாய்?” என்று கேட்டாராம். வாளை உருவி அவன் தலையைச் சீவிவிடுவேன் என்று சிறுவன் தயங்காமல் விடை சொல்ல, இவன் போதும் என்று இடம் கொடுத்துவிட்டார்கள் என்பது அவன் வரலாற்றில் வழங்கிவரும் கதை. 1783-இல் அச்சிறுவன் சென்னையில் வந்து இறங்கினான். பிற்காலத்தில் பம்பாயின் கவர்னராகவும் ஆனான்.

கதை இனிய கதைதான். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அந்த அறையினுள் நிற்கும் பேறு ஸ்காத்லாந்தின் எத்தனையோ சிறுவருக்குக் கிட்டாதிருக்க, இவனுக்கு மட்டும் எவ்வாறு கிட்டியது? செல்வாக்குள்ள நண்பர் ஒருவர் முயன்றார். கம்பெனியின் டைரக்டர் ஒருவர் இசைந்தார். அவ்வளவே. அந்த இசைவுக்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது. டைரக்டருக்குக் கம்பெனி அளித்த சம்பளத்தைக் காட்டிலும் அது பெரிய விலை. அந்தச் சம்பளமும் அந்த விலையுமே இன்றைய பேச்சின் பொருள்.

டைரக்டர் என்பார் யார்? பலர் பணம் போட்டு ஒரு தொழில் தொடங்குகிறார்கள். பங்குதாரர் அனைவரும் நாள்தோறும் கூடித் தொழில் நடத்துதல் இயலாது. ஆதலின் தம்முள் சிலரைத் தேர்ந்து, “எங்கள் பணத்துக்கு நீங்கள் காவல்” என்று அமர்த்துகிறார்கள். அவர்களே டைரக்டர்கள், அதாவது இயக்குநர்கள். காவலனுக்குக் கூலி வேண்டும். அதில் ஐயம் இல்லை. எவ்வளவு கூலி, எந்த வழியாக, யார் கையிலிருந்து என்பவைதாம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக முடிவுறாத வழக்காக இருந்து வருகின்றன. அவ்வழக்கின் மிகப் பெரிய ஏடு நம் நாட்டை ஆண்ட கம்பெனியின் ஏடுதான். நம் முன்னோர் அதனைக் ‘கும்பினி’ என்றார்கள்.

1600-ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியாரின் சாசனம் பெற்றுத் தோன்றிய கும்பினியை நடத்த ஒரு தலைவரும் இருபத்து நான்கு உறுப்பினரும் இருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்விருபத்து நால்வரே டைரக்டர் சபை என்று பெயர் பெற்றனர். 2,000 பவுன் பங்கு உடையவரே டைரக்டர் ஆகலாம். 500 பவுன் பங்கு உடையவர் எவரும் வாக்களிக்கலாம். வாக்கு வேட்டை அங்கும் இருந்தது! 1763-இல் இராபர்ட் கிளைவு தம் பகைவர் சலிவனைத் தோற்கடிக்கும்பொருட்டு ஓர் இலட்சம் பவுனை 500 பவுன் பங்குகளாகச் சிதறடித்து, நண்பர் பெயரில் எழுதி வைத்து, வாக்குகளை உண்டாக்கினார். அப்படியும் அவர் கட்சி வெற்றி பெறவில்லை. இத்தகைய வித்தைகளைத் தடுப்பதற்காகவே 1773-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமைக்கு 1,000 பவுன் பங்கு வேண்டும், அதுவும் ஓராண்டு கையில் இருந்திருக்க வேண்டும் என்று விதித்தது. டைரக்டரின் பதவிக் காலம் நான்கு ஆண்டு என்றும், ஆண்டுதோறும் அறுவர் விலக வேண்டும் என்றும் அச்சட்டமே வகுத்தது. விலகிய அறுவர் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் பெரும்பாலும் அதே நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள் என்பது வேறு செய்தி.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் பதவிக்குச் சம்பளம் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுக்கு 300 பவுன். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் 500 பவுன். இத்தொகை சிறியதா, பெரியதா என்று அறிய அதே மாளிகையில் வேலை பார்த்த வேறு சிலரைக் கேட்போம். ஆங்கிலக் கட்டுரை பயிலும் மாணவர் சார்லஸ் லாம் என்பாரை அறிவர். அவர் இந்தியா மாளிகையில் கணக்கு எழுதிய குமாஸ்தா. 1825-இல் அவர் ஓய்வு பெற்றபோது அவருக்குக் கிடைத்த ஓய்வூதியமே 400 பவுனுக்கு மேல். இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களைத் தீட்டும் துறையின் தலைமையை 1830-இல் ஏற்ற ஜேம்ஸ் மில் 1,900 பவுன் சம்பளம் பெற்றார். பின்னாளில் அதே நாற்காலியில் அமர்ந்த அவர் மகனார், தத்துவப் பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பெற்றது 2,000 பவுன். எழுதுகிறவருக்கு இரண்டாயிரம்; அவர் எழுதியதைப் படித்துக் கையெழுத்து இடும் எசமானருக்கு முந்நூறு!

எசமானர்கள் துறவிகளா? அல்லர். வங்கி முதலாளிகள், கப்பல் உடைமையாளர், இந்தியாவில் பொருள் சேர்த்து ஊர் திரும்பியவர் ஆகியோரே அச்சபையில் நிறைந்திருந்தனர். முந்நூறு பவுனுக்காக ஆண்டுக்கணக்கில் வாக்குக் கேட்டு வாயில்தோறும் ஏறி இறங்குபவர் அவருள் ஒருவரும் இரார். நம் ஊரில் சம்பளம், கிம்பளம் என்று இரண்டாகச் சொல்லும் வழக்கு உண்டு. சம்பளம் ஏட்டில் இருக்கும். கிம்பளம் ஏட்டில் இராது. டைரக்டரின் கிம்பளத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் மதிப்பானது. நாம் அதனை நியமன உரிமை என்போம்.

அதன் முறை இது. ஆண்டுதோறும் இந்தியாவுக்கு இத்தனை ரைட்டர்கள், இத்தனை படை இளைஞர்கள், இத்தனை துணை மருத்துவர்கள் வேண்டும் என்று கணக்கிடுவார்கள். ரைட்டர் என்றால் எழுத்தர். அந்தச் சொல் காவல் நிலையங்களிலும் தோட்டங்களிலும் நம்மிடையே தங்கிவிட்டது. மொத்த இடங்களையும் இருபத்தெட்டுப் பங்கு ஆக்குவார்கள். தலைவருக்கு இரண்டு, துணைத் தலைவருக்கு இரண்டு, மற்ற இருபத்திரு டைரக்டர்களுக்கும் ஒவ்வொன்று. எஞ்சிய இரண்டு யாருக்கு? கும்பினியை மேற்பார்க்க அரசாங்கம் அமைத்திருந்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கு. மேற்பார்ப்பவருக்கும் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்! தம் பங்கில் வந்த இடத்தை டைரக்டர் தம் மகனுக்கோ மருமகனுக்கோ கொடுப்பார்; நண்பர் மகனுக்குக் கொடுத்து வேறு உதவி பெறுவார்; தமக்கு வாக்களித்த பங்குதாரரின் கடனையும் அதைக்கொண்டே தீர்ப்பார். ஆடம் ஸ்மித்து என்னும் பொருளியல் அறிஞர் 1776-இல் வெளியிட்ட தம் நூலில், கும்பினிப் பங்கை வாங்குவோர் லாபத்துக்காக அன்றி, நியமனங்களில் கிடைக்கும் செல்வாக்குக்காகவே வாங்குகின்றனர் என்ற கருத்தை ஒளிக்காமல் எழுதினார்.

இனி, இலண்டனில் கைமாறிய இந்த இடங்கள் சென்னையில் என்ன ஆயின என்று பார்ப்போம். 1744-இல் கிளைவு ஜார்ஜ் கோட்டைக்கு ரைட்டராக வந்தபோது அவருக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுன். உணவும் உறைவிடமும் கும்பினி கொடுத்தது உண்மையே. ஆனாலும் ஐந்து பவுனுக்காக எந்தத் தந்தையும் மகனை ஆறு மாதக் கப்பற் பயணத்துக்கும் அயல்நாட்டுக் காய்ச்சலுக்கும் அனுப்பமாட்டான். சொந்த வாணிகம், வட்டிக்குக் கடன் கொடுத்தல், காணிக்கை வாங்குதல் ஆகியவற்றால் ஈட்டுக என்பது சொல்லாமல் சொன்ன ஏற்பாடு. டைரக்டர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட நெறியையே தம் ஊழியருக்கும் வகுத்தார்கள். ஏட்டில் சிறிது, வெளியே எவ்வளவோ.

அந்த ‘எவ்வளவோ’ எங்கிருந்து வந்தது என்பதற்குத் தஞ்சை சான்று. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி சென்னை வெள்ளையரிடம் கடன்மேல் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக நாட்டின் வரி வருமானத்தையே எழுதிக் கொடுத்தார். 1773-இல் தஞ்சையைக் கைப்பற்றியபின் அச்சீமையின் வரியும் அவ்வாறே ஈடாயிற்று. தஞ்சையை மன்னர் துளஜாஜிக்குத் திருப்பிக் கொடுக்குமாறு டைரக்டர்கள் ஆணையிட, 1776-இல் கவர்னர் பிகட்டு பிரபு அதனை நிறைவேற்றினார். உடனே பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர், தமக்கு வரவேண்டிய கடன் 2,30,000 பவுனுக்கு மேல் என்றும், அதில் பெரும்பகுதி தஞ்சை வரியின்மேல் ஈடு என்றும் கேட்டு நின்றார். அவர் சம்பளமோ ஆண்டுக்குச் சில நூறு பவுன். கவர்னர் மறுத்தார். ஆலோசனைச் சபையில் எதிர்த்தரப்பினர் பெரும்பான்மை. அவருள் நவாபுக்குக் கடன் கொடுத்தவரும் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அவர்கள் கவர்னரையே சிறை பிடித்துவிட்டார்கள். மீண்டும் பதவியில் அமர்த்த இலண்டனிலிருந்து ஆணை வருமுன் 1777-இல் பிகட்டு காவலிலேயே இறந்துபோனார். கவர்னரின் கதை நூல்களில் இடம் பெற்றது. யார் கடனுக்கோ நெல்லை அளந்து கொடுத்த காவிரிக்கரைக் குடியானவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கிம்பளத்தை ஒழிக்க வேண்டுமானால் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்பதை இந்தியாவில் கண்டுகொண்டவர் காரன்வாலிசு பிரபு. 1786-இல் வங்காளத்துக்கு வந்த அவர், கலெக்டர்கள் சொந்த வாணிகம் செய்யலாகாது என்று தடுத்து, மாதம் 1,500 ரூபாய்ச் சம்பளமும் வசூலாகும் வரியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தரகும் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த நன்மையை இந்தியருக்குத் தர அவருக்கு மனம் வரவில்லை. உயர்ந்த பதவிகளினின்று அவர்களை விலக்கிவிட்டார். அது தனியே பேசவேண்டிய வடு. ஆனால் வெளிப்படையான நல்ல ஊதியம், அதற்கு மேல் ஒரு காசும் இல்லை என்ற அவருடைய நெறி இந்தியாவில் வேரூன்றியது. இலண்டனில் எசமானர்களுக்கு அதே நெறி எட்டுவதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் அந்த நியமன உரிமையைத் தொட்டவர் கை சுட்டுக்கொண்டது. 1783-இல் பாக்சு என்னும் அமைச்சர், டைரக்டர் சபையை நீக்கி எழுவர் கொண்ட ஆணைக்குழுவிடம் இந்திய நிருவாகத்தை ஒப்படைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். நியமனங்கள் எல்லாம் பாக்சின் கட்சிக்குப் போய்விடும் என்ற அச்சம் எழுந்தது. பிரபுக்கள் சபை மசோதாவைத் தோற்கடித்தது. மன்னர் அமைச்சரவையையே கலைத்துவிட்டார். அடுத்து வந்த இளைய பிட்டு 1784-இல் தம் சட்டத்தைச் செய்தபோது ஆட்சிக் கொள்கையில் அரசாங்கத்துக்கு மேற்பார்வை கேட்டார்; நியமன உரிமையை மட்டும் டைரக்டர் கையிலேயே விட்டுவிட்டார். நாட்டை விட்டுக்கொடுப்பார்கள், நாற்காலியை விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

1809-இல் பானை உடைந்தது. கும்பினியின் இடங்கள் தரகர் வழியாக விற்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டை ஆராயப் பாராளுமன்றம் ஒரு குழுவை அமைத்தது. ரைட்டர் பதவி ஆயிரக்கணக்கான பவுனுக்கு விலை போனது மெய் என்று தெரிந்தது. ஒரு டைரக்டர் தம் உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த இடங்கள் கைமாறிக் கைமாறி விற்பனைக்கு வந்திருந்தன. டைரக்டர் எவரும் தாமே நேரில் பணம் வாங்கினார் என்பதற்குக் குழுவுக்குச் சான்று கிடைக்கவில்லை. அதே ஆண்டில் இன்னொன்றும் வெளிப்பட்டது. கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராயிருந்த காசில்ரே பிரபு, தமக்கு வந்த ரைட்டர் இடம் ஒன்றைக் கொடுத்துத் தம் நண்பருக்குப் பாராளுமன்றத்தில் ஓர் இடம் வாங்க முயன்றிருக்கிறார். பேரம் முடியவில்லை. அவரைக் கண்டிக்கும் தீர்மானத்தைப் பாராளுமன்றம் ஏற்கவும் இல்லை. ஆயினும் பதவி விற்பனையைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டே பிறந்தது. கும்பினியின் பதவிகளும் அதற்குள் அடங்கின.

1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கும்பினியின் வாணிகத்தை நிறுத்திவிட்டது. கடை மூடினால் லாபம் ஏது? ஆனால் பங்குதாரருக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் தவறாமல் தரப்படும் என்றும், அது இந்திய வருவாயின் பொறுப்பு என்றும் சட்டம் உறுதி செய்தது. முதல் 60 இலட்சம் பவுன்; ஆண்டுதோறும் போன தொகை 6,30,000 பவுன். 2,000 பவுன் பங்கு வைத்திருந்த ஒரு டைரக்டருக்கு அவ்வழியில் 210 பவுன் வரும். சம்பளமும் நம் வரியிலிருந்து. பங்கு வருமானமும் நம் வரியிலிருந்து. தம்மைக் காக்க யாரையும் தேர்ந்தெடுக்காத மக்கள், காவலருக்கு இருவகைக் கூலியும் கொடுத்தார்கள்.

அச்சட்டத்திலேயே ஓர் இடத்துக்கு நால்வரை முன்மொழிந்து, அவருள் தேர்வில் வென்ற ஒருவரை எடுப்பது என்ற ஏற்பாடு இருந்தது. டைரக்டர்கள் எதிர்த்தார்கள், அது நடைமுறைக்கு வரவில்லை. இறுதியில் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேரைத் தொட்டது. ஆட்சித்துறைப் பதவிகளைப் பொறுத்தவரை நியமன உரிமை பறிபோயிற்று; எவரும் எழுதக்கூடிய போட்டித் தேர்வு வந்தது. டைரக்டர்கள் தொகை இருபத்து நான்கிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. அவருள் அறுவர் அரசாங்கம் அமர்த்துவோர். இவற்றோடு மாணவர் கருதவேண்டிய மற்றொரு மாற்றமும் அச்சட்டத்தில் உண்டு. டைரக்டரின் சம்பளம் 300 பவுனிலிருந்து 500 பவுன் ஆயிற்று. தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் 1,000 பவுன். கிம்பளத்தைக் குறைத்த அதே சட்டம் சம்பளத்தை உயர்த்தியது. முன்னைய சிறு சம்பளம் ஏன் சிறிதாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுவதில்லை.

முதல் போட்டித் தேர்வு 1855-இல் நடைபெற்றது. எட்டு ஆண்டு கழித்து, 1863-இல், அத்தேர்வில் சத்யேந்திரநாத தாகூர் என்னும் வங்காள இளைஞர் வெற்றி பெற்றார். இருபத்தெட்டுப் பங்கில் ஒன்று தமக்கு வரும் என்று எந்த இந்தியரும் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. கும்பினியின் ஆட்சி 1858-இல் முடிந்தது; அதன் பங்குகளுக்கு ஈடு கொடுக்கப்பட்டுக் கும்பினியே 1874-இல் மறைந்தது.

கும்பினி மறைந்தாலும் கேள்வி மறையவில்லை. நம் நாட்டில் நூற்பாலைகளும் சணல் ஆலைகளும் தோன்றியபோது மானேஜிங் ஏஜென்ஸி என்னும் முறை வளர்ந்தது. ஆலைக்கு டைரக்டர் சபை இருக்கும். கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு கட்டணம் பெறுவார்கள். உண்மையில் ஆலையை நடத்துவது ஏஜெண்டு நிறுவனம். பம்பாய் ஆலைகளில் அதற்குக் கூலி, உற்பத்தியான ஒவ்வொரு பவுண்டு எடை நூலுக்கும் கால் அணா. ஆலைக்கு லாபமோ நட்டமோ, நூல் ஓடினால் அணா ஓடும்! விலை போகாத நூலும் கிடங்கில் நிறைய நூற்கப்படுவதை இம்முறை தடுக்கவில்லை. ஜாம்ஷெட்ஜி டாட்டா இதனை விடுத்து, லாபத்தின்மேல் தரகு பெறும் முறையைத் தம் ஆலையில் கொண்டுவந்தார். வழிகாட்டினார் என்றே சொல்ல வேண்டும். 1936-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏஜெண்டின் ஊதியத்தை நிகர லாபத்தோடு பிணைத்தது. சுதந்தர இந்தியாவின் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் ஏஜெண்டுக்கு நிகர லாபத்தில் நூற்றுக்குப் பத்து என்றும், டைரக்டர் உள்ளிட்ட நிருவாகிகள் அனைவருக்கும் சேர்த்து நூற்றுக்குப் பதினொன்று என்றும் வரம்பு கட்டியது. 1970 ஏப்பிரல் 3-ஆம் நாள் மானேஜிங் ஏஜென்ஸி முறையே நாட்டில் ஒழிந்தது.

அந்தப் பதினொன்று என்ற எண் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. பங்குதாரர் தனித் தீர்மானம் செய்தால் அதனை மீறலாம். கூட்டத்துக்கு வரும் டைரக்டருக்கு ஒரு கூட்டத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கொடுக்கலாகாது. கம்பெனியோடு வேறு தொடர்பு இல்லாத சுதந்தர டைரக்டருக்கு, அதன் பங்குகளைச் சலுகை விலையில் ஒதுக்குதல் கூடாது. காவலன் பண்டத்தில் பங்கு பெறலாகாது என்பது கருத்து. பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகளுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. ஊழியர் அனைவரின் ஊதியத்தையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவர் பெறுவது எவ்வளவு, அதைப்போல் எத்தனை மடங்கு ஒவ்வொரு டைரக்டரும் பெறுகிறார் என்று ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். இந்தியா மாளிகையில் இத்தகைய கணக்கை எழுதச் சொல்லியிருந்தால், குமாஸ்தாவான சார்லஸ் லாம் தம்மைவிடத் தம் எசமானர் ஏழை என்று எழுதியிருப்பார். இன்றைய ஆண்டறிக்கைகளை நூலகத்தில் எடுத்துப் புரட்டினால் அந்த எண் எத்தனை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ளலாம்.